கடலுக்கு அப்பால் ஒரு கடைத்தெரு

ஓர் ஊர் மக்களின் பக்தியைக் காண வேண்டுமானால் கோயிலுக்குச் செல்க. அப்பக்தி உண்மையானதா என்று காண வேண்டுமானால் கடைத்தெருவுக்குச் செல்க. குருமடத்தில் நமக்கு அறநெறியியல் கற்பித்த முதிய பேராசிரியர் ஒருவர் இவ்வாறு அடிக்கடி கூறுவார். நீதி என்னும் தலையான புண்ணியத்தை அவர் விளக்கும்போது தராசு, படி, முழக்கோல், பற்றுவரவு ஏடு ஆகியவற்றைப் பற்றியே பேசுவார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அப்பாடம், சென்ற ஆண்டு கொழும்பு நகரின் பழைய கடைத்தெரு ஒன்றில் நடந்தபோது மீண்டும் நம் நினைவுக்கு வந்தது. அத்தெருவைப் பற்றியும், அங்கே நாம் கேட்ட ஒரு செய்தியைப் பற்றியும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இரு துறைமுகங்கள்

கொழும்புக் கடைத்தெருவைப் பற்றித் தூத்துக்குடிக் கடற்கரை மக்களுக்கு ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வினவலாம். இவ்விரு துறைமுகங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 150 கடல் மைல். நம் பாட்டன்மார் அடுத்த தெருவுக்குப் போய்வருவது போல அங்கே போய்வந்தவர்கள்.

நம் கிரேட் காட்டன் ரோட்டை எண்ணிப் பாருங்கள். கரிசல் நிலத்துப் பருத்தி வண்டி வண்டியாகத் துறைமுகத்தை நோக்கிச் சென்ற வழி அது என்பதற்கு அதன் பெயரே சான்று. 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. அந்நாளில் நம் துறைமுகம் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் மக்களையும் தோணிகளே ஏற்றி இறக்கும். சென்னையிலிருந்து புகைவண்டியில் வந்தோர் இங்கே கப்பலேறிக் கொழும்பில் இறங்கினர். 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை பதிவு செய்த சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடியதும் இவ்வழியேதான். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என மக்களிடம் திரட்டிய பணத்தில் வாங்கிய கப்பல்கள் அவை. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1908இல் அப்பெரியவர் சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் இலங்கைப் பயணம் பெரும்பாலும் தனுஷ்கோடி வழியாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் அவ்வழியையும் அழித்தது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் விடப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அதுவும் நின்றுபோயிற்று. 1974இல் புதிய துறைமுகம் எழுந்த பின்னரும் நம் பழைய துறைமுகத்துத் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று வருகின்றன. ஆனால் கொழும்புக்குச் செல்ல நினைக்கும் நம்மவர் இன்று மதுரைக்குச் சென்று விமானம் ஏற வேண்டும். நாமும் நம் பங்கு மக்கள் சிலரும் கொச்சிக்கடைப் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு அவ்வாறே திருப்பயணம் சென்றோம். காற்றை நம்பி முன்னோர் கடந்த கடலை ஒரு மணி நேரத்தில் கடந்தோம்.

கோட்டைக்குப் புறத்தே

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய பழைய கடைவீதிப் பகுதிக்குத் தமிழர் இட்ட பெயர் புறக்கோட்டை. சிங்களத்திலும் அப்பொருளிலேயே பிட்டகொட்டுவ என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' என்பது நம் 'பேட்டை' என்னும் சொல்லின் திரிபே. 1505இல் போர்த்துக்கீசியர் இலங்கை வந்தனர். 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றினர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒல்லாந்தர் தம் ஆட்சியையும் படையையும் கோட்டைக்குள் வைத்துக்கொண்டனர். மதிலுக்கு வெளியே இருந்த ஊர் புறக்கோட்டையாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் அதுவே பெரும் வணிகப் பகுதியாக வளர்ந்தது. 1875இல் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்து கொழும்பு ஆழ்ந்த துறைமுகமானதும், காலித் துறைமுகத்தின் வணிகமும் இங்கே வந்து சேர்ந்தது.

இன்று கோட்டைச் சுவர் ஏறத்தாழ முழுவதும் மறைந்துவிட்டது. புறத்தே இருந்த பேட்டையோ உயிரோடு இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து வரிசையாகப் பிரியும் குறுக்குத் தெருக்களுள் ஒவ்வொன்றும் ஒரு வகைச் சரக்குக்குப் பெயர் பெற்றது. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டினாற் போன்ற செங்கற் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908, 1909 ஆண்டுகளில் எழுப்பிய அதனைத் தமிழ் பேசுவோர் சம்மாங்கோட்டுப் பள்ளி என்கின்றனர். நான்காம் குறுக்குத் தெருவில் நுழைந்தால் வெங்காயம், மிளகாய் வற்றல், பருப்பு, சீனி மூட்டைகளுக்கிடையே உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க முடியும். கைவண்டி இழுப்போரும் மூட்டை சுமப்போரும் குரல் கொடுத்துக்கொண்டே விரைகின்றனர். அவர்களை அங்கே எல்லோரும் 'நாட்டாமி' என்று அழைப்பதைக் கேட்டு நம்முடன் வந்தோர் வியந்தனர். நம் ஊரில் நாட்டாமை என்றால் ஊர்த் தலைவர். அச்சொல்லே கடல் கடந்து சுமை தூக்குவோரின் பெயராகிவிட்டது. தெருவைத் தாங்குவோர் அவர்களே ஆதலின் அப்பெயர் பொருத்தம் என்றே நமக்குத் தோன்றியது.

கபோஸ் ஒழுங்கை என்னும் குறுகிய சந்தில் நாட்டு மருந்துச் சரக்குக் கடைகள் உள்ளன. அதிமதுரமும் சுக்கும் திப்பிலியும் கலந்த மணம் சந்து முழுதும் நிறைந்திருந்தது. ஒரு கடையில் நிலாவரை இலையைக் கண்டு, "இஃது எங்கிருந்து வருகிறது?" என்று வினவினோம். "திருநெல்வேலிச் சரக்கு, ஃபாதர், அதற்குத்தான் மதிப்பு" என்றார் கடைக்காரர். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகெங்கும் சென்று பெயர் பெற்ற இலை அது. கருவாடு, கருப்பட்டி, வெங்காயம் என்று நம் கடற்கரையிலிருந்து தோணியேறி இத்தெருக்களுக்கு வந்த சரக்குகள் பல. சரக்கோடு வந்த மக்களும் பலர். கொழும்பில் நிலைகொண்ட நம் பரதவ வணிகக் குடும்பங்களின் வழிவந்தோர், 2001ஆம் ஆண்டின் இலங்கைக் குடிக்கணக்கில் 'பரதர்' எனத் தனி இனமாகவே எண்ணப்பட்டனர்.

செட்டியார் தெரு

ஆங்கிலத்தில் கடல் தெரு எனப் பொருள்படும் பெயர் கொண்ட வீதியைத் தமிழர் செட்டியார் தெரு என்கின்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் 19ஆம் நூற்றாண்டில் இங்கே கிட்டங்கிகள் அமைத்துத் தங்கினர். நம் தூத்துக்குடியிலும் வழங்கும் சொல்லே அது. இங்குப் பண்டசாலை மட்டும் கிட்டங்கி, அங்கோ வட்டிக்கடையும் இருப்பிடமும் சேர்ந்தே கிட்டங்கி. காப்பித் தோட்டங்களுக்கும், அவை நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், அரிசி வணிகத்துக்கும் கடன் வழங்கியவர்கள் அவர்கள். அவர்கள் வழிபட்ட பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் தெருவில் அருகருகே நிற்கின்றன. ஆடி வேல் விழாவின் தேர் இத்தெருவிலிருந்தே புறப்படும்.

இன்று அத்தெருவின் இருமருங்கும் நகைக்கடைகள். ஒரு கடையின் கண்ணாடிப் பேழையில் முத்துச்சரங்களைக் கண்டதும் நம் மக்களின் கால்கள் தாமே நின்றன. முத்து என்றால் நமக்குப் பங்காளிப் பொருள் அன்றோ! விசாரித்ததில் அவை வெளிநாட்டில் வளர்க்கப்பட்டு இறக்குமதியான முத்துகள் என்றனர்.

மன்னார்க் கடலின் இருபுறமும் முத்துச் சலாபம் நடந்த காலத்தை நம் பெரியோர் சிலர் இன்னும் நினைவில் வைத்திருப்பர். இலங்கைக் கரையில் 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. நம் கரையில் கடைசியாக 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன. அதன்பின் பார்கள் வெறுமையாயின. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது தனிச் செய்தி. ஆங்கிலேயர் காலத்து இலங்கைச் சலாபத்தில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளியாளிகளுக்கு. துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் முத்துகளைச் சலித்து, ஆணி முதல் தூள் வரை வகை பிரித்து, விலை மதிப்பர் வணிகர். மூச்சையடக்கிக் கடலின் அடிக்குச் சென்று வந்தவனுக்குத் தான் எடுத்த ஆணி முத்தின் விலை தெரியாது; கரையில் குடையின் கீழ் அமர்ந்திருந்தவனுக்குத் தெரியும். முன்பணம் வாங்கிய குளியாளி அக்கடனிலிருந்து மீள்வது அரிது. ஆகவே கடைத்தெருக்கள் யாவும் நேர்மையின் இருப்பிடம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிறர் அறியாமையே முதலாகப் பணம் பெருக்கியோர் எக்காலத்தும் உண்டு. அதனாலேயே கீழ்வரும் செய்தி நம் உள்ளத்தைத் தொட்டது.

பிழைத்த பேரேடு

அக்கடையின் உரிமையாளர் அறுபது வயதைக் கடந்தவர். நெற்றியில் திருநீறு அணிந்த சைவர். நாம் தூத்துக்குடியிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் இருக்கை தந்து, தேநீர் வரவழைத்தார். பேச்சு வணிகத்திலிருந்து பழைய காலத்துக்குத் திரும்பியது.

1983 ஜூலை 25ஆம் நாள், திங்கட்கிழமை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையான நாள்களில் புறக்கோட்டையும் எரிந்தது. அவர் தந்தையார் நகை விற்பனையோடு அடகும் பிடித்து வந்தவர். கலவரச் செய்தி கேட்டதும் கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தாரைக் காக்க ஓடினார். மாலைக்குள் இரும்புப் பெட்டி உடைக்கப்பட்டது, அடகு நகைகள் கொள்ளை போயின, கடை எரிந்தது. குடும்பம் அகதி முகாமில் தஞ்சம் புகுந்தது.

இரண்டு வாரம் கழித்து, கடையில் வேலை பார்த்த சிங்களர் ஒருவர் முகாமைத் தேடி வந்தார். அவர் கையில் ஓர் அரிசிப் பை. அதற்குள் அடகுப் பேரேடு இருந்தது. முதலாளி சென்றபின் பின்வாசல் வழியாக அதை எடுத்து, மிதிவண்டியில் வைத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் மறைத்து வைத்திருக்கிறார். தமிழர் கடைப் பொருளை வைத்திருப்பது அந்நாளில் அவர் உயிருக்கே ஆபத்து.

"அந்தப் பேரேட்டைக் கையில் வாங்கியபோது அப்பா முதல் முறையாக அழுதார், ஃபாதர்" என்றார் உரிமையாளர். நாம் புரியாமல் பார்த்தோம். நகை எல்லாம் போனபின் அடகுப் பேரேடு என்பது அவர் கொடுக்க வேண்டிய கடன்களின் பட்டியல் மட்டுமே. அஃது எரிந்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒருவராலும் காட்ட முடியாதே என்று வினவினோம்.

"உண்மைதான். எரிந்திருந்தால் அப்பா யாருக்கும் கடனாளி இல்லை. ஆனால் திரும்ப வந்து இந்தத் தெருவில் கடையும் திறந்திருக்க மாட்டார்" என்றார் அவர்.

தந்தையார் 1985இல் திரும்பி வந்து சிறு அறை ஒன்றில் தொழிலைத் தொடங்கினார். பேரேட்டில் இருந்த பெயர்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை: துறைமுகத் தொழிலாளர், நாட்டாமிகள், கூலிப் பெண்கள், சிங்களர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் அதில் இருந்தனர். தாம் கொடுத்த தொகையைக் கழித்து, நகையின் எஞ்சிய மதிப்பை ஒவ்வொருவராகத் தேடித் திருப்பிக் கொடுத்தார். இதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. அக்காலத்திலும் நாட்டில் அமைதி இல்லை. 1987 ஏப்ரல் 21 அன்று புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்; பெரும்பாலோர் வீடு திரும்பக் காத்திருந்த எளிய மக்கள். அச்சமும் ஐயமும் நிறைந்த அந்நாள்களிலும் அவர் சிங்களக் குடும்பங்களின் கதவைத் தட்டிப் பணம் கொடுத்து வந்தார். சிலர் வாங்க மறுத்தனர். சிங்களக் கைம்பெண் ஒருவர், "உங்கள் கடையை எரித்தது எங்கள் ஆட்கள், நான் எப்படி வாங்குவேன்?" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தாராம்.

அறநெறி நூல்கள் சொல்லும் ஈடுசெய்யும் கடமையை நாம் குருமடத்தில் படித்திருக்கிறோம். தன் குற்றமோ கவனக்குறைவோ இன்றி, பிறர் வன்முறையால் ஒரு பொருளை இழந்தவனை அக்கடமை கட்டுப்படுத்தாது என்பதே பொது விதி. அவ்விதியின்படி அந்தச் சைவப் பெரியவர் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று நாமே தீர்ப்புச் சொல்லியிருப்போம். அவர் நம் தீர்ப்பைக் கேட்கவில்லை. தம்மை நம்பி ஒப்படைத்தவர்களின் முகங்களைப் பேரேட்டில் கண்டார், அவ்வளவே.

கொச்சிக்காரர் கடை

செட்டியார் தெருவின் வடக்கே சிறிது தொலைவு நடந்தால் கொச்சிக்கடைப் புனித அந்தோணியார் திருத்தலம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடும் குருக்களும் தடை செய்யப்பட்டிருந்தமை தூத்துக்குடி மக்கள் நன்கறிந்ததே. 1658இல் நம் ஊரும் அவர்கள் கைக்கு வந்தது. அத்தடைக் காலத்தில் 1687ஆம் ஆண்டு, புனித ஜோசப் வாஸ் அடிகளார் தூத்துக்குடிக்கு வந்து, இங்கிருந்து ஏழையின் கோலத்தில் தோணியேறி இலங்கை சென்றார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்புக் கடற்கரைத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். பின்னர்க் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு ஒருவர் வணிகர் வேடத்தில் இங்கே மறைந்து பணியாற்றினார் என்பதும், அவர் நடத்திய கடையால்தான் இவ்விடம் கொச்சிக்கடை எனப் பெயர் பெற்றது என்பதும் மரபு. கடையாயிருந்த இடம் கோயிலாயிற்று.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது இக்கோயிலில் குண்டு வெடித்தது. அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோயில் பழுதுபார்க்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் 12 அன்று, திருவிழாவின் முந்திய நாளில், மீண்டும் திறக்கப்பட்டது. நாம் சென்ற செவ்வாய்க்கிழமை கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏந்தி வரிசையில் நின்றனர். நகைக்கடைக்காரரின் மனைவியும் செவ்வாய்தோறும் அங்கே வருவதுண்டு என்று அவரே நமக்குச் சொல்லியிருந்தார். இறந்தோருக்காகவும், பகைமை ஒழியவும் நாமும் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம்.

நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள். ஒன்று காசு, மற்றது வாக்குத் தவறாமை. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. டாலர் ஒன்றுக்கு 200 ரூபாய் அளவில் இருந்த அந்நாட்டுப் பணம், சில மாதங்களில் 360 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. அப்போது மக்கள் தாலிக்கொடியைக்கூட விற்க இத்தெருவுக்கு வந்தனர். "விலை தெரியாமல் எங்கள் கடையைத் தேடி வந்தவர்கள் பலர், அப்பாவின் பெயரைச் சொல்லி வந்தார்கள்" என்றார் உரிமையாளர். முதல் பொருளிலான நாணயம் வீழ்ந்த வேளையில், இரண்டாம் பொருளிலான நாணயமே அவர்களுக்குக் கைகொடுத்தது.

அன்புக் குடும்பத்தாரே, நம் இல்லங்களிலும் ஒவ்வொரு பேரேடு உண்டு. தெருமுனைக் கடையில் சொல்லி வாங்கிய அரிசிக்கான பாக்கி, வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குத் தராமல் இழுத்தடிக்கும் கூலி, உடன்பிறந்தாளிடம் இரவல் வாங்கி அடகு வைத்த வளையல், சீட்டுப் பணம், சங்கக் கணக்கு. எழுத்தில் இல்லாதவை பெரும்பாலும் ஏழைகளுக்குத் தர வேண்டியவையே. "கேட்கவில்லையே" என்று நாம் இருந்துவிடுகிறோம். கேட்க முடியாதவர் என்பதனால்தான் அவர் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் கணவனும் மனைவியும் அமர்ந்து, "நாம் யாருக்குத் தர வேண்டும்?" என்று பேசுங்கள், பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். அப்பிள்ளை கற்கும் ஞானோபதேசம் அதுவே.

நற்செய்தியில் நம் ஆண்டவர் சொன்ன முத்து வணிகனின் உவமை நம் கடற்கரைக்கு மிகவும் உரியது. விலை உயர்ந்த முத்தைக் கண்டவன் தனக்கு உள்ளதை எல்லாம் விற்று அதை வாங்கினான்; உரியவனை ஏமாற்றிப் பெறவில்லை. முழு விலை கொடுத்தான். முத்தெடுத்தோர் வழிவந்த நாமும், பிறர்க்கு உரியதை முழுமையாகக் கொடுக்கக் கற்றுக்கொள்வோமாக.